கேட்ட பாட்டைப் போடுகிறவர்

அவரிடம் யாரும் எதையும் இரண்டாம் முறை கேட்க வேண்டியதில்லை. முதல் முறை கேட்கும்போதே தலை ஆடிவிடும். வாய் "சரி" என்று சொல்வதற்குள் கை வேலையைத் தொடங்கியிருக்கும். இப்படி ஒரு மனிதர் ஊரில் இருந்தால் எல்லோருக்கும் பிடிக்கும், பக்கத்து வீட்டுக்காரரைத் தவிர. அந்தப் பக்கத்து வீடு என்னுடையது.

விளாங்குடியில் அப்போது நாங்கள் மாடியில் குடியிருந்தோம். படியேறி வந்தால் இரண்டு கதவுகள். இடது எங்களுடையது, வலது அவருடையது. வீட்டைக் கட்டியவர் சிக்கனக்காரர், இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒல்லியாக ஒற்றைச் சுவரை எழுப்பிவிட்டுப் போய்விட்டார். அவர்கள் வீட்டுக் குக்கர் விசில் அடித்தால் நான் எழுந்து போய் என் அடுப்பைப் பார்த்துவிட்டு வருவேன். அவருக்கு ரேடியோ செட் தொழில். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்று சுற்றுப்பட்டு ஊர்களுக்கு வேனில் போய், கம்பத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிப் பாட்டுப் போடுவார். வீட்டுக்கு வந்தால் அவருடைய மகள் பாட்டுக் கேட்பாள். அவளுக்கு இரண்டு வயது நடந்துகொண்டிருந்தது. என் மகனுக்கும் அதே வயதுதான்.

அவள் கேட்பது ஒரே பாட்டு. டிவியில் சின்னப் பிள்ளைகளுக்கென்று வருகிற படிப்புப் பாட்டு. மஞ்சள் கரடிக்குட்டி ஒன்று வந்து, இறைந்து கிடக்கும் சாமான்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஒழுங்கு செய்யும். "எடுத்து வை, எடுத்து வை, வரிசையா எடுத்து வை" என்று பாடும். முடிந்ததும் கைதட்டிக்கொண்டு, "இன்னொரு முறை செய்வோமா?" என்று அதுவே கேட்டு அதுவே மறுபடியும் பாடும். பாட்டு தொடங்கும் முன்னால் ஒரு பெண் குரல், இது உங்கள் குழந்தையின் அறிவு வளர்ச்சிக்கானது என்று சொல்லும். பெற்றவர்களின் அறிவு என்ன ஆகும் என்று அந்தப் பெண் ஒரு நாளும் சொன்னதில்லை.

காலை ஆறு மணிக்குக் கரடிக்குட்டி எழுந்துவிடும். நான் பால் காய்ச்சும்போது எடுத்து வைக்கும், மகனைக் குளிப்பாட்டும்போது எடுத்து வைக்கும், அவனைத் தட்டித் தட்டித் தூங்கவைத்துவிட்டு நானும் கொஞ்சம் கண்ணயரலாம் என்று சாயும்போது மிகவும் உற்சாகமாக எடுத்து வைக்கும். வேலையை விட்டுவிட்டுப் பிள்ளை வளர்த்த காலம் அது. எனக்கு அப்போதெல்லாம் கோபம்கூட முழுசாக வராது. பாதி வரும்போதே அசதி வந்து மேலே உட்கார்ந்துகொள்ளும்.

ஒரு நாள் அந்தப் பாதிக் கோபத்தோடு போய்க் கதவைத் தட்டினேன். அவர்தான் திறந்தார். முந்தின நாள் எங்கோ சடங்கு வீட்டில் செட் போட்டுவிட்டு விடிய வந்தவர். கண் இரண்டும் மிளகாய்ப் பழம் மாதிரி இருந்தது.

"அண்ணே, கொஞ்சம் சத்தத்தைக் கொறச்சா நல்லாருக்கும். பிள்ள தூங்க மாட்டேங்கிறான்" என்றேன்.

"அய்யய்யோ, சரி தங்கச்சி. இந்தா கொறச்சுப்புடுறேன்" என்று ஓடினார். நிஜமாகவே குறைந்தது. நான் வந்து படுத்தேன். தலையணையில் சூடு ஏறுவதற்குள் கரடிக்குட்டி பழையபடி கத்தத் தொடங்கியது.

மறுநாள் துணி காயப்போடும் இடத்தில் அவர் மனைவியைப் பிடித்தேன். நான் அவரை மதினி என்று கூப்பிடுவேன். சிரிப்பும் சலிப்பும் ஒன்றாக இருக்கும் முகம். "அது ஒண்ணுமில்ல தங்கச்சி. நீங்க கொறைக்கச் சொன்னீக, கொறச்சாரு. நீங்க போனதும் பாப்பா கூட்டச் சொல்லுச்சு, கூட்டிட்டாரு. அவரு ரெண்டு பேருக்கும் நல்லவரு" என்றார். "இவருட்ட வந்து இன்னொருக்கா கொறைக்கச் சொல்லுங்க, கொறைப்பாரு. ஆனா பாப்பா உங்கள விடப் பக்கத்துல இருக்கு."

இதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்ததே தவிர, தூக்கம் வரவில்லை.

மதினி சொல்லித்தான் அவருடைய பழைய கதைகள் தெரியும். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டுப் பையன்கள் வந்து குத்துப்பாட்டு கேட்டிருக்கிறார்கள், போட்டிருக்கிறார். பெண் வீட்டுப் பெரியவர் வந்து, "என்னப்பா இது, பக்திப் பாட்டப் போடு" என்றிருக்கிறார். அதையும் போட்டிருக்கிறார். பையன்கள் திரும்பி வந்தார்கள், பெரியவரும் திரும்பி வந்தார். சாப்பாட்டுப் பந்தி முடிகிறவரை ஒரு சாமிப் பாட்டு, ஒரு குத்துப்பாட்டு என்று மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறார். கடைசியில் இரண்டு பக்கமும் சண்டை வந்து, நடுவில் அகப்பட்ட இவருடைய சட்டைதான் கிழிந்தது. இன்னொரு ஊரில் சடங்கு வீட்டில் ஒரு குடிகாரர் வந்து, செத்துப்போன தன் அண்ணனுக்குப் பிடித்த சோகப் பாட்டு வேண்டும் என்று அழுதிருக்கிறார். மங்கல காரியத்தில் போடுகிற பாட்டா அது. இவர் மெதுவாகச் சத்தத்தைக் குறைத்துப் போட்டுவிட்டார். அந்த ஊர் அதற்கப்புறம் இவரைக் கூப்பிடவில்லை.

"ஏண்ணே அப்படிப் போட்டீக?" என்று நானே ஒருமுறை கேட்டேன்.

"கேட்டுட்டாகல்ல தங்கச்சி" என்றார். அதற்கு மேல் அதில் விளக்கம் சொல்ல ஒன்றும் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை.

கேட்டுட்டாகல்ல. அவர் வாயில் அடிக்கடி வருவது இதுதான். கீழ்வீட்டுக்காரர் தண்ணீர் மோட்டாரைப் பார்க்கச் சொன்னால் பார்ப்பார், கேட்டுட்டாகல்ல. தெருமுனைக் கடைக்காரர் சீரியல் லைட்டைச் சும்மா இரண்டு நாள் மாட்டிவிடச் சொன்னால் மாட்டுவார், கேட்டுட்டாகல்ல. அந்த லைட் மூன்று மாதமாக அங்கேயே எரிந்துகொண்டிருந்தது.

சாயங்காலம் பிள்ளைகளை மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போவோம். அங்கே பேச்சு எங்கே தொடங்கினாலும் கரடிக்குட்டியில் வந்துதான் முடியும். என் கணவர் பக்கத்து மில் ஒன்றில் கணக்குப் பார்க்கிறவர், எதையும் நியாயம் பேசாமல் விடமாட்டார். "படிப்புப் பாட்டுன்னா ஒரு தடவ சொன்னாப் போதாதா? அதென்ன ஒரே வரிய போட்டுக் கொல்றான்? பாட்டு எழுதுனவனுக்கு ரெண்டாவது வரி வரலையா?" என்பார். நான் போனில் தேடிப் பார்த்தேன். ஒரு டாக்டர், சொன்னதையே திரும்பத் திரும்பக் கேட்டால்தான் பிள்ளைக்குப் பேச்சு வரும் என்றார். இன்னொரு டாக்டர், டிவியைப் பார்த்தால் வருகிற பேச்சும் நின்றுவிடும் என்றார். இரண்டு பேர் முகத்திலும் நல்ல தூக்கம் தெரிந்தது. வீட்டில் சின்னப் பிள்ளை இல்லாதவர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

மதினியின் கருத்து வேறு. "படிப்பாவது ஒண்ணாவது. அது ஓடுனாத்தேன் நான் சட்னி அரைக்க முடியுது. ஓடலன்னா இடுப்ப விட்டு எறங்காது. எனக்கு அந்தக் கரடியப் பாத்தாலே எரிச்சலா வருது, ஆனா அது இல்லாட்டி எங்க வீட்ல சோறு இல்ல." சொல்லிவிட்டுக் கொடியில் துணியை ஓங்கி உதறினார்.

அவரிடம் கேட்டோம். பாட்டிலேயே பிழைக்கிறவர், அவருக்குச் சலிக்காதா? 

"எனக்கும் காது வலிக்கத்தேன் செய்யிது" என்றார். "ஆனா பெரியாளுக மறுபடி மறுபடி கேப்பாக பாருங்க, அது வேற. குடிச்சவரு ஒரு பாட்ட பத்து வாட்டி கேட்டா, பத்தாவது வாட்டி அழுதுக்கிட்டு இருப்பாரு. நம்ம பாப்பா பத்தாவது வாட்டியும் மொத வாட்டி மாதிரியே சிரிக்கிது. அம்புட்டு சந்தோசமாக் கேக்குற ஆள எந்தத் திருவிழாவுலயும் நாம் பாத்ததில்ல. எப்படி இல்லைங்கிறது?"

"நீங்க யாருக்குத்தேன் இல்லன்னீக" என்றார் மதினி, துணிக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

என் வீட்டில் டிவியே போடுவதில்லை என்பதில் எனக்கு ஒரு கர்வம் இருந்தது. ஒரு மத்தியானம் என் மகன் சுவரோரம் உட்கார்ந்து, என் கொண்டை ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாக வைத்துக்கொண்டிருந்தான். "எத்து வய், எத்து வய்" என்று பாடினான். அவன் முழுசாகச் சொன்ன முதல் வாக்கியம் அது. அம்மா என்பதைக்கூட அவன் அரைகுறையாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தான். எனக்கு அழுகையாக வந்தது. சந்தோஷமா, ஆத்திரமா என்று பிரித்துப் பார்க்கக்கூட அப்போது தெம்பில்லை.

இப்படி எல்லோருக்கும் தலையாட்டுகிற மனிதருக்குத் தலையாட்டாத ஊர் ஒன்று இருந்தது. அது அவருடைய மாமனார் ஊர்.

சமயநல்லூரைத் தாண்டி உள்ளே போக வேண்டும். மதினி பிறந்து வளர்ந்த ஊர். வருஷா வருஷம் அங்கே அம்மன் கோயிலில் முளைப்பாரித் திருவிழா நடக்கும். திருவிழாவுக்குக் குடும்பத்தோடு போவார்கள், சாப்பிடுவார்கள், வருவார்கள். ஆனால் ரேடியோ செட் மட்டும் வேறு ஊர்க்காரர் வந்து போடுவார். வீட்டு மாப்பிள்ளை ரேடியோ செட் வைத்திருக்க, கூட்டத்தோடு கூட்டமாக அவர் நின்று அடுத்தவர் போடும் பாட்டைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். காரணம் மதினியின் பெரிய அண்ணன். ஊரில் திருவிழாப் பொறுப்பு அவர் கையில்தான். "மாப்ளைக்குக் குடுத்தா கண்டவன் கேட்டதெல்லாம் போட்டு, கோயில சினிமாக் கொட்டகையா ஆக்கிப்புடுவாரு" என்று நாலு பேர் முன்னால் சொல்லியிருக்கிறார். கல்யாணமான வருஷத்திலிருந்து அந்தச் சொல் மதினிக்கு உள்ளே குத்திக்கொண்டே இருந்தது. மாப்பிள்ளைக்கும் குத்தியிருக்கும். ஆனால் போய்க் கேட்க மாட்டார். எல்லோரும் கேட்டதைச் செய்கிறவருக்குத் தனக்கென்று ஒன்றைக் கேட்க வாய் வராது.

அந்த வருஷம் வழக்கமாக வருகிறவருக்கு வேறு ஊரில் வேலை விழுந்துவிட்டது. திருவிழாக் கொடி கட்டிய பிறகு பெரிய அண்ணன் போன் செய்தார். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கே கேட்டது. "சரி மச்சான், சரி மச்சான்" என்று அவர் சொன்ன மாதிரி புது மாப்பிள்ளைகூடச் சொல்லியிருக்க மாட்டான்.

அன்றிலிருந்து அவர் வீட்டில் தீபாவளி. குழாய்களை இறக்கித் துடைத்தார், புதுப் பெயின்ட் அடித்தார். தன்னிடம் இருக்கும் ஆம்ப்ளிபயர் ஊருக்குப் போதாது என்று சமயநல்லூரில் நண்பர் ஒருவரிடம் பெரிய ஆம்ப்ளிபயரை இரவல் வாங்கி வந்தார். மதினி அவரை உட்காரவைத்துச் சொன்னார்: "இந்தாங்க, அண்ணன் குடுத்த சாமி பாட்டுத் தவிர வேற ஒண்ணும் போடக் கூடாது. யாரு வந்து கேட்டாலும் சரி. இந்த ஒரு ஊர்ல நம்ம மானம் இருக்கு. இதுல கெட்டுச்சுன்னா இனி நான் அந்த ஊருக்குத் தல நிமுந்து போக முடியாது."

"சரி" என்றார். அதற்கும் "சரி"தான்.

முந்தின நாளே அவரும் மதினியும் போய்க் குழாய் கட்டிப் பாட்டுப் போட்டுவிட்டு ராத்திரி வீட்டுக்கு வந்திருந்தார்கள். முளைப்பாரி தூக்கும் நாளுக்கு மதினி என்னையும் அழைத்தார். இரண்டு பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், அதுதான் விஷயம். நானும் வீட்டுச் சுவரை விட்டு ஒரு நாளாவது விலகியிருக்கலாம் என்று வேனில் ஏறினேன்.

கோயிலுக்கு முன்னால் பெரிய பொட்டல். சாணம் தெளித்துக் கோலம் போட்ட மேடை ஒன்று. ஊரின் மறுகோடியிலிருந்து பெண்கள் நவதானியம் வளர்ந்து நிற்கும் முளைப்பாரிச் சட்டியைத் தலையில் தூக்கி வருவார்கள், நேராக வந்து அந்த மேடையில்தான் இறக்க வேண்டும். வழியில் எங்கேயும் இறக்கக் கூடாது, அது சாமி குத்தம். மேடைக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு பந்தல், அதற்குள் மேசை, மேசை மேல் ஆம்ப்ளிபயர், மைக். பக்கத்தில் அவர் காதுக்கென்று ஒரு சின்னப் பெட்டி ஸ்பீக்கர். ஒரே ஒரு மின்விசிறியும் அங்கேதான் இருந்தது. அதனால் நானும் பிள்ளைகளும் அங்கேயே உட்கார்ந்துவிட்டோம். மதினி முளைப்பாரி தூக்கப் போயிருந்தார்.

சத்தியமாகச் சொல்கிறேன், அன்று அவர் நல்ல பிள்ளையாக இருந்தார். கொடுத்த சாமிப் பாட்டை வரிசை தப்பாமல் போட்டார். இளவட்டங்கள் இரண்டு பேர் வந்து எதையோ கேட்டார்கள். வேர்த்து விறுவிறுத்துப் போய் என்னைப் பார்த்தார். நான்தான், "தம்பி, அம்மன் பாட்டு மட்டுந்தேன்னு உத்தரவு" என்று அனுப்பிவைத்தேன். அவர் ஏதோ பாவம் செய்துவிட்டவர் மாதிரி அவர்கள் போகிற திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் மேளக்காரர்கள் முளைப்பாரியை அழைத்து வர மறுகோடிக்குப் போனார்கள். மேளம்தான் இனி கேட்க வேண்டும் என்று பெரிய அண்ணன் பாட்டை நிறுத்தச் சொல்லிவிட்டு அவர்களோடு போனார். பொட்டல் அமைதியானது. அந்த அமைதியில்தான் பாப்பா தூக்கத்திலிருந்து எழுந்தாள். வெக்கை, கூட்டம், அம்மாவும் இல்லை. உதடு பிதுங்கியது.

"அப்பா, கடி" என்றாள். கரடி.

"இங்க வேணாம்டா தங்கம், வீட்ல" என்று நான் சமாதானம் சொன்னேன். அவள் என்னைக் கேட்கவே இல்லை, அவரைத்தான் கேட்டாள். கேட்டுக்கொண்டே அவர் முழங்காலைக் கட்டிக்கொண்டாள். கண்ணில் நீர் முட்டி நின்றது.

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "தங்கச்சி, குழாய அமத்திட்டு இந்தப் பெட்டியில மட்டும் மெதுவாப் போட்டா யாருக்குக் கேக்கப் போகுது" என்றார். கெஞ்சுகிற குரல். நான் வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். வெக்கையில் இரண்டு பிள்ளைகளைச் சுமந்து சுமந்து எனக்கும் விட்டால் போதும் என்றிருந்தது. போனை ஆம்ப்ளிபயரில் மாட்டி, ஒரு குமிழைக் குறைத்து இன்னொன்றைக் கூட்டினார்.

அவருடைய சொந்த ஆம்ப்ளிபயராக இருந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு செய்திருப்பார். இது இரவல். குமிழ்கள் இடம் மாறியிருந்தன. பெட்டியில் சத்தமே வரவில்லையே என்று இன்னும் கொஞ்சம் கூட்டினார்.

ஊரின் எட்டுத் திக்கிலிருந்தும் கரடிக்குட்டி பாடியது. எடுத்து வை, எடுத்து வை, வரிசையா எடுத்து வை.

அவர் எழுந்த வேகத்தில் நாற்காலி விழுந்தது. எந்தக் குமிழைத் திருப்புவது என்று தெரியாமல் எல்லாவற்றையும் திருப்பினார். பாட்டு கரகரத்தது, கீச்சிட்டது, நிற்கவில்லை. அதே நேரம் தெருமுனையில் முளைப்பாரி திரும்பியது. முன்னால் மேளம், பின்னால் தலையில் பச்சைப் பசேலென்று சட்டியோடு பெண்கள். மேளக்காரர்கள் தாளம் தடுமாறி நின்றுவிட்டார்கள். ஓரமாக நின்ற பெண்களில் இடுப்பில் கைப்பிள்ளை வைத்திருந்தவர்களை மட்டும் தனியாகக் கண்டுபிடிக்க முடிந்தது. அவர்கள் மட்டும் கண்ணை மூடிக்கொண்டார்கள். "இங்கயுமா" என்றாள் ஒருத்தி, அழாக்குறையாக. அவள் இடுப்பிலிருந்த பிள்ளை கைதட்டியது.

அதற்குள் நான் பார்க்காத ஒன்று நடந்துவிட்டது. பாப்பாவும் என் மகனும் பந்தலை விட்டு ஓடிவிட்டார்கள். பொட்டலின் ஓரத்தில் ஊரே கழற்றிப் போட்ட செருப்புகள் குவிந்து கிடந்தன. இரண்டு பேரும் அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, கோலம் போட்ட மேடையில் வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள். வீட்டில் ஒரு சொப்புச் சாமானை எடுத்து வைக்காத பிள்ளை, அன்று ஒரு முழு வரிசையை முடித்திருந்தாள். படிப்புப் பாட்டால் பிரயோஜனம் உண்டா இல்லையா என்று மொட்டை மாடியில் நாங்கள் அடித்துக்கொண்ட வழக்கு அங்கேயே தீர்ந்துபோனது.

"ஆத்தாடி, செருப்ப எங்கன வைக்கிதுக பாருங்கடி" என்று யாரோ அலறினார்கள். நான் ஓடிப்போய் இரண்டு பேரையும் அள்ளினேன். அவர் கடைசியில் போன் வயரைப் பிடுங்கினார். பாட்டு நின்றது. பொட்டலில் அத்தனை பேரும் பந்தலைப் பார்த்து நின்றார்கள்.

பெரிய அண்ணன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. மேடையைப் பார்த்தார், செருப்பைப் பார்த்தார், அப்புறம் மாப்பிள்ளையைப் பார்த்தார்.

"மாப்ள, செட்ட ஏறக்கட்டுங்க" என்றார்.

"சரி மச்சான்" என்றார் அவர்.

எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு மன்னிப்பு கேட்கலாம், குமிழ் மாறிப்போச்சு என்று சொல்லலாம், ஒரு நிமிஷம் பொறுங்கள் என்றாவது சொல்லலாம். அவர் குனிந்து வயரைச் சுருட்ட ஆரம்பித்துவிட்டார். கழுத்தெல்லாம் வேர்வை. திருவிழா பாதியில் நிற்க, வீட்டு மாப்பிள்ளை ஊர் பார்க்க மூட்டை கட்டுகிறார். இதற்கப்புறம் அந்த ஊர் எல்லைக்குள் அவர் எப்படி வருவார்?

"அண்ணே."

மதினியின் குரல். முளைப்பாரி வரிசையிலிருந்து விலகி, தலையில் சட்டியோடு பந்தலுக்கு முன்னால் வந்து நின்றிருந்தார். சட்டி ஆடிவிடக் கூடாது என்பதால் கழுத்தை அசைக்கவில்லை. யார் முகத்தையும் பார்க்காமல் நேரே பார்த்துக்கொண்டே பேசினார்.

"அவரு கட்ட மாட்டாரு."

"நீ சும்மா இரு. சாமி காரியத்துல குத்தமாயிருச்சு" என்றார் அண்ணன்.

"குத்தந்தேன். நான் இல்லங்கல. பிள்ள அழுதுச்சு, போட்டாரு. நேத்து பொழுது சாய நீ கூட்டாளிகளோட வந்து பழைய பாட்டுக் கேட்டியே, அப்பவும் போட்டாரு. அது குத்தமில்லையா? நீ கேட்டா வேணும், எம் பிள்ள கேட்டா ஆகாதா?" மதினிக்கு மூச்சு வாங்கியது. கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. இரண்டு கையும் சட்டியில் இருந்ததால் துடைக்க முடியவில்லை. "இத்தன வருசமா இந்த ஊருக்கு வாராரு. ஒருத்தருட்டயும் ஒண்ணும் கேட்டதில்ல. அவருக்கு என்ன வேணும்னு நீங்க யாராச்சும் ஒரு நா கேட்டிருக்கீகளா? என்னமோ குழா கட்டுற ஆளுன்டு ஓரமா உக்காத்தி சோறு போட்டு அனுப்புனீக. இன்னைக்கு அவரு கட்டுனா, நானும் இந்த எடத்துலயே சட்டிய எறக்கிப்புட்டு அவரு கூடப் போயிருவேன். குத்தம் வந்தா எனக்கு வரட்டும்."

அண்ணன் முகம் செத்துப்போனது. தங்கச்சி ஒன்றைச் சொன்னால் செய்தே விடுவாள் என்பது அவருக்குத் தெரியும்.

மதினி தன் கணவர் பக்கமாக உடம்பைத் திருப்பினார். "ஏங்க, நாங் கேக்குறேன். கட்டாதீக."

அவர் கையில் சுருட்டிய வயர் பாதி, தரையில் பாதி. மச்சானும் கேட்டுவிட்டார், மனைவியும் கேட்டுவிட்டார். ஒருமுறை அவருக்கு ஒருமுறை இவருக்கு என்று மாற்றி மாற்றிச் செய்ய இது பாட்டு இல்லை. என் வாழ்க்கையில் ஒரு மனிதர் அவ்வளவு கஷ்டப்பட்டு நான் பார்த்ததில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு மெல்ல நிமிர்ந்தார். நிமிர்ந்தபோது அவர் முகம் மேசை மேலிருந்த மைக்குக்கு நேரே வந்தது. போன் வயரைத்தான் பிடுங்கியிருந்தாரே தவிர, மைக் உயிரோடுதான் இருந்தது. அது அவருக்கும் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை.

"முடியாது மச்சான்" என்றார்.

முணுமுணுப்புத்தான். ஆனால் புதுப் பெயின்ட் அடித்த குழாய்கள் அத்தனையும் அதைச் சொல்லின. கோயிலில் சொன்னது, தெருமுனையில் சொன்னது, கண்மாய்க் கரையில் கட்டியிருந்த குழாய் கொஞ்சம் பிந்திச் சொன்னது. தன் குரலைத் தானே கேட்டு அவர் பயந்து பின்னால் நகர்ந்தார். மதினி சட்டிக்கு அடியில் அசையாமல் நின்று அழுதுகொண்டிருந்தார்.

மேளக்காரர் ஒருவர் கேட்காமலே அடிக்கத் தொடங்கினார். வரிசை நகர்ந்தது. இரண்டு பெண்கள் ஓடிப்போய் மேடையிலிருந்து செருப்புகளைத் தள்ளிவிட்டு மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். பெரிய அண்ணன் மட்டும் மேடைக்குக் கீழே போய்க் குனிந்து, அந்தச் செருப்புகளுக்குள் தன்னுடைய ஜோடியைத் தேட ஆரம்பித்தார். ஒன்று கிடைத்தது. இன்னொன்று என் மகன் கையில் இருந்தது.